ஒன்றரை வருஷமா, ஆறு வருஷமா

எந்தச் சாமானையும் கவிழ்த்துப் பார்க்காமல் நான் வாங்கியதில்லை. மலேசியாவில், மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாக எனக்கு அதுதான் வேலை. மேலே வார்னிஷ் பளபளவென்று இருக்கும், எல்லாரும் அதைத்தான் பார்ப்பார்கள். நான் கவிழ்த்துப் போட்டுக் காலைத் தட்டுவேன். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் காட்டிக் கொடுத்துவிடும். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஓரமாகத் தள்ளிவிடுவேன். "அந்த அக்கா கண்ணுல பட்டா அவ்வளவுதான்" என்று பேக்கிங் பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் என் வீட்டுக்காரர் பேச்சில் விழுந்த விரிசலை முதலில் கேட்டது நான் இல்லை, துறைமுகத்துக் காவலாளி ஒருவன்.

அவர் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். எங்கள் தொழிற்சாலை நாற்காலிகளைத்தான் பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு ஏற்றிக்கொண்டு போவார். பெரிய குரல். வாசலில் நின்று அவர் ஃபோர்க்லிஃப்ட்காரனை அதட்டினால், மரம் அறுக்கும் மிஷின் சத்தத்தையும் தாண்டி என் மேஜைக்கு வந்து சேரும். அந்தக் குரல் ஒரு நாள் துறைமுக வாசலில் குழறியிருக்கிறது. "காலையிலேயே குடிச்சிட்டு வந்தியா?" என்று காவலாளி மலாயில் கேட்டிருக்கிறான். அவர் கொதித்துப் போய் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். பாதியிலேயே நிறுத்தி நான் கேட்டேன்: "குடிச்சீங்களா இல்லையா, அத மொதல்ல சொல்லுங்க."

வேலை நாளில் அவர் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. எனக்கே தெரியும். தெரிந்தும் கேட்டேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு வலது கையில் பலம் குறைந்தது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. மூவாரில் பார்த்து, அங்கிருந்து ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே வயதான டாக்டர் ஒருவர் பாதி மலாயும் பாதி ஆங்கிலமுமாகச் சொன்னார். நரம்பு சம்பந்தப்பட்டது, குணமாக்க மருந்தில்லை, முதலில் பேச்சும் கையும், அப்புறம் மற்றதெல்லாம், மெதுவாக. அந்த 'மெதுவாக' என்ற ஒரு சொல்லை மட்டும் நாங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தோம். எவ்வளவு மெதுவாக என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கெட்டதை வாயால் சொல்ல மாட்டோம். நோயின் பெயரைக்கூடச் சொன்னதில்லை. 'அது' என்போம். "அது வந்ததுலேர்ந்து படி ஏற முடியல." அவ்வளவுதான்.

எங்கள் ஒரே மகள் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். விஷயம் கேள்விப்பட்டு இரண்டு நாள் கழித்து ஃபோன் செய்தாள். "அம்மா, நீங்க இத பத்தி ஒண்ணும் தேடிப் பாக்காதீங்க, சரியா?" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. தேடாதே என்று மட்டும் ஒருத்தி சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை. ஆனாலும் தேடவில்லை. உலகத்துச் சாமானையெல்லாம் கவிழ்த்துப் பார்க்கிறவள் இதை மட்டும் தொடாமல் வைத்திருந்தேன்.

டேப்லட் பேச்சு வந்தது பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணால். மலாய்ப் பெண், இருபத்தைந்து வயதுதான் இருக்கும். மாமா என்கிற மாதிரி அவரை "பாக்சிக், பாக்சிக்" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள், என்னை "மாக்சிக்" என்பாள். குரல் இருக்கும்போதே தேவையான வாக்கியங்களை அவர் சொந்தக் குரலில் பதிந்து வைத்துவிடலாம் என்றாள். தண்ணீர் வேண்டும், வலிக்கிறது, ஃபேனைக் குறை, இப்படி. டேப்லட்டில் ஒரு செயலி இருக்கிறது. திரையில் பெரிய பெரிய கட்டம் வரும், தொட்டால் அவர் குரலே பேசும். ஃபோன் சரிப்படாது, விரல் தவறும்.

அப்புறம் என்னைத் தனியாகப் பார்த்து ஒன்று சொன்னாள். எந்த டேப்லட் வாங்கினாலும் அப்டேட் இன்னும் எத்தனை வருஷத்துக்கு வரும் என்று கேட்டு வாங்குங்கள். பத்து பஹாட் ஊரில் ஒருவர் மலிவாக ஒன்றை வாங்கி, எல்லா வாக்கியத்தையும் அதில் பதிந்தார். அதற்கு அப்டேட் நின்றுபோனது. கொஞ்ச நாளில் செயலி புதிதாக மாறியது, பழைய டேப்லட்டில் திறக்கவில்லை. குரல் அதற்குள்ளேயே கிடந்தது. திரும்பப் பதியலாம் என்றால் அதற்குள் அவருக்குப் பேச்சே இல்லை. வேறு டேப்லட்டிலும் பதிந்து வைத்திருக்கலாமே என்று அந்தப் பெண் வருத்தப்பட்டாள். அந்தக் குடும்பம் பிறகு என்ன செய்தது என்று நான் கேட்கவில்லை.

அந்த சனிக்கிழமையே கடைக்குப் போனோம். எங்களுக்குத் தெரிந்த கடைதான். தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்துகிறார். என் ஃபோன் கண்ணாடியை மூன்று தடவை மாற்றிக் கொடுத்தவர். கண்ணாடி மேஜை மேல் இரண்டு டேப்லட்டை எடுத்து வைத்தார். நான் வழக்கம்போல முதலில் கவிழ்த்துப் பார்த்தேன். இரண்டுக்கும் முதுகு ஒரே மாதிரிதான் இருந்தது. தட்டினால் சத்தம் எதையும் காட்டிக் கொடுக்கவில்லை.

"இது பழைய ஸ்டாக்கா, புதுசா?" என்றேன்.

"ஒங்ககிட்ட பொய் சொல்லி நான் கடை நடத்த முடியாதுக்கா," என்று சிரித்தார். தன் ஃபோனில் தேடி ஒரு பட்டியலைக் காட்டினார். "இந்த சின்னது மலிவு. ஆனா வந்து ரெண்டு மூணு வருஷமாச்சு. அப்டேட் இன்னும் ஒன்றரை வருஷம்தான் வரும். அதுக்கப்புறம் ஓடும், ஆனா கேரண்டி இல்ல. இந்த பெருசு இப்பத்தான் வந்திச்சி. ஆறு வருஷம் கவலயில்ல. வெலதான் மூணு மடங்கு."

"ஒன்றரை வருஷத்துக்கு ஒரு சாமானா?"

"அது ஒங்க தேவைய பொறுத்தது. ஒங்களுக்கு எத்தன வருஷத்துக்கு வேணும்கா?"

அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை. கடைக்காரர் கேட்கிற கேள்விதான். பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"சின்னது போதும்," என்று பின்னாலிருந்து அவர் குழறிக்கொண்டு சொன்னார். "நா என்னா பரீட்சையா எழுதப் போறேன்?"

கடைக்காரர் சிரித்தார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "பெருசுதான் வேணும். சும்மா இருங்க," என்றேன். "வேணாம்லா," என்றார் அவர். அங்கேயே சண்டை. கடைசியில் இரண்டு டேப்லட்டின் விளம்பரத் தாளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எதையும் வாங்காமல் வந்தோம்.

ஐந்து வாரம் அப்படியே போனது. நான் பெரியது என்பேன், அவர் சின்னது என்பார். சாப்பிடும்போது, மாத்திரை கொடுக்கும்போது, டிவியில் விளம்பரம் போகும்போது. "பெருசு வாங்கி யாருக்கு காட்டப் போற?" என்று சீண்டுவார். "ஒங்களுக்குத்தான் காட்டப் போறேன், ஆறு வருஷத்துக்கு. கண்ணு வலிக்க வலிக்க பாருங்க," என்பேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். சண்டை போடும்போது மட்டும் வீடு பழையபடி இருந்தது. அதனால்தானோ என்னவோ, முடித்துவைக்க இரண்டு பேருக்கும் மனசில்லை.

அதற்குள் அவர் குரல் போய்க்கொண்டிருந்தது. முதலில் நீளமான வாக்கியங்களை விட்டார். பிறகு ஃபோனை எடுப்பதை விட்டார். என்னையறியாமல் நான் அவர் பேச்சைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். பதில் தெரிந்த கேள்வியையே கேட்பேன். இன்றைக்கு என்ன கிழமை, பக்கத்து வீட்டில் யார் வந்திருக்கிறார்கள். போன வாரம் தெளிவாக வந்த சொல் இந்த வாரம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு நாள் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னா, செக் பண்றியா?" என்றார். நான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பயிற்சிப் பெண் ஃபோன் செய்தாள், டேப்லட் வாங்கியாச்சா என்று. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். "மாக்சிக், பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை," என்றாள். மெல்லிய குரலில்தான் சொன்னாள்.

மறுவாரம் ஜொகூர் பாருவில் டாக்டரைப் பார்க்கும் தவணை. இந்த முறை பெரிய டாக்டர் இல்லை. தமிழ்ப் பெண் டாக்டர் ஒருத்தி, என் மகளைவிட ஐந்தாறு வயது கூட இருப்பாள். "வாங்க அங்கிள், ஒக்காருங்க ஆண்ட்டி," என்றாள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், கையை அழுத்தச் சொன்னாள், மூச்சை ஒரு குழாயில் ஊதச் சொன்னாள். ஊதி முடித்ததும் கருவி காட்டிய எண்ணைப் பார்த்தாள். இன்னொரு தடவை ஊதச் சொன்னாள். மூன்றாவது தடவையும் சொன்னாள்.

எனக்கு அப்போது தோன்றியதுதான் அந்த யோசனை. தமிழ்ப் பெண்தானே, எவ்வளவு மெதுவாக என்பதை நேராகக் கேட்காமலே கேட்கலாம். அவருக்கும் தெரியப் போவதில்லை. பையிலிருந்து இரண்டு தாளையும் எடுத்து மேஜையில் விரித்தேன்.

"டாக்டர், இவரு கொரல பதிஞ்சி வைக்க டேப்லட் வாங்கலாம்னு இருக்கோம். இந்த சின்னதுக்கு அப்டேட் ஒன்றரை வருஷம்தான் வருமாம். இந்த பெருசுக்கு ஆறு வருஷம் வருமாம். எது வாங்குனா சரியா வரும்?"

எனக்கு டேப்லட் பற்றித் தெரியாது, பயிற்சிப் பெண்ணைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுவாள் என்று ஒரு பக்கம் நினைத்தேன். அப்படிச் சொல்லிவிட மாட்டாளா என்று இன்னொரு பக்கம் வேண்டினேன். அவள் இரண்டு தாளையும் கையில் எடுத்தாள். அதில் படிக்க ஒன்றுமில்லை, படமும் விலையும்தான். ஆனால் ரொம்ப நேரம் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். நான் கேட்டது அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிந்தது எனக்கும் தெரிந்தது.

"சின்னதே போதும் ஆண்ட்டி," என்றாள். "ஆனா இன்னிக்கே வாங்கிருங்க."

பெரிய டேப்லட்டின் தாளை மட்டும் மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவள் விரல் என் விரலைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்த மாதிரி இருந்தது. அப்புறம் கணினிப் பக்கம் திரும்பி மருந்து எழுத ஆரம்பித்தாள். நான் அவரைப் பார்த்தேன். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் தன் வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருந்து வாங்கும் இடத்தில் எண் வரும்வரை முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். அவர் சீண்டவில்லை. நானும் சீண்டவில்லை. கார் நிறுத்திய இடத்துக்கு அவரைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. ஒன்றரை வருஷம் என்றால் அடுத்த தீபாவளி, அதற்கடுத்தது வருமா வராதா என்று என் மனம் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே போனது. அதை நிறுத்தத் தெரியவில்லை. 'சின்னதே போதும்' என்றால் ஒன்றரை வருஷம் இருக்கிறது என்றுகூட அவள் சொல்லவில்லை என்பது காரின் கதவைத் திறக்கும்போதுதான் உறைத்தது.

அவரை உட்கார வைத்தேன். சீட் பெல்ட்டை அவரால் இழுத்து மாட்ட முடியாது, நான்தான் குறுக்கே குனிந்து மாட்டிவிட வேண்டும். குனிந்தேன். பெல்ட்டின் நுனி உள்ளே போக மாட்டேன் என்று அடம் பிடித்தது. என் காது அவர் வாய்க்குப் பக்கத்தில் இருந்தது.

"பெருசே," என்றார். மூச்சு வாங்கினார். "பெருசே வாங்கலாம்மா."

நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து வாரமாகச் சின்னது போதும், சின்னது போதும் என்று அவர் சொன்னதெல்லாம், இல்லை, பெரியதுதான் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதைக் கேட்பதற்குத்தான். தினமும் கேட்டார், தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நானே அதைக் கொண்டுபோய், அவரை வைத்துக்கொண்டு, இன்னொருத்தியிடம் கேட்டுவிட்டேன்.

"பெருசுதாங்க," என்றேன். "நான் எப்ப சின்னது வாங்கலாம்னு சொன்னேன்?"

என் குரல் அவர் குரலைவிட மோசமாக இருந்தது.