இடக்கையால் இலிஷ் தின்ற மாமனார்

கல்கத்தாவில் ஷாம்பஜார் பக்கம் போய் ஹேமாங்க குஹா வீடு எது என்று கேட்டால், எந்த ஹேமாங்க என்பார்கள். கதை எழுதுகிறவரா, படம் வரைகிறவரா, எஸ்ராஜ் வாசிக்கிறவரா, அச்சுக்குப் படத்தகடு செய்யக் குளியலறையை இருட்டாக்கி அமிலம் கரைக்கிறவரா? நாலும் ஒரே ஆசாமிதான். குளியலறை பறிபோன குடும்பம் கொல்லைக் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தது.

மாமனார் பிரியநாத் தத்தா பவானிப்பூர் வக்கீல். சட்டப் படிப்பைப் பாதியில் தலைமுழுகிவிட்டு மாப்பிள்ளை அச்சு மை படிந்த கையோடு வந்து நின்ற நாளிலிருந்து மகள் வீட்டுப் படி மிதித்ததில்லை. பேரன் பிறந்தபோதும் சந்தேஷ் இனிப்புதான் வந்தது, அவர் வரவில்லை. மகள் சுருசி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுகிறவள் அல்ல. ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் பந்தியில் ஓர் ஆசனம் அதிகமாக விரிப்பாள். சாப்பாடு முடிந்ததும், யாரும் உட்காராத அதை மடித்து வைப்பாள். அந்நேரம் ஹேமாங்க குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார்.

அந்த வருஷம் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தம் சிறுவர் பத்திரிகையின் பூஜை மலருக்கு, பேயோடு போட்டி போட்டுச் சாப்பிடும் தாத்தா கதை ஒன்று எழுதினார். மச்சினன் கல்யாணத்தில் மாமனார் இலிஷ் மீனை ரசித்துச் சாப்பிடும் போட்டோவைச் சுருசி கொண்டுவந்திருந்தாள். கதைத் தாத்தாவுக்கு அதையே படமாகப் போடத் தீர்மானித்தார். புகைப்படத்தைப் புள்ளி புள்ளியாகச் செம்புத் தகட்டில் இறக்கும் புது வித்தை அவருக்குக் கைவந்திருந்தது. தன் முகத்தை அச்சில் பார்த்தால் எந்தக் கல்நெஞ்சும் இளகாதா?

வித்தையில் ஒரு நுணுக்கம் உண்டு. கண்ணாடித் தகட்டில் விழுந்த படத்தைத் திருப்பிப் போட்டுத்தான் செம்பில் ஏற்ற வேண்டும். மறந்தால் அச்சில் இடம் வலமாகிவிடும். படம் காய்கிற நேரம் பார்த்து ஒரு பாட்டின் இரண்டாவது அடி அவருக்குத் தோன்றித் தொலைத்தது. மாடிக்கு ஓடி எஸ்ராஜைத் தடவிவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தவர் திருப்ப மறந்துவிட்டார். நாலு வேலை தெரிந்தவருக்கு வருகிற வினை.

மலர் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் சுருசி பார்த்தாள்.

"ஏங்க, எங்கப்பா எந்தக் கையால சாப்பிடுறார், பாருங்க."

ஹேமாங்க பார்த்தார். முழி பிதுங்கியது. ஆசாரம் பார்க்கும் வக்கீல், ஊரறிய, இடக்கையால் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். இடது கன்னத்து மருவும் வலது பக்கம் குடிபெயர்ந்திருந்தது.

"போச்சு. இனி சந்தேஷும் வராது" என்றாள்.

பூஜை தொடங்கும் சஷ்டியன்று காலை வாசலில் வண்டி நின்றது. கைத்தடியும் கையில் பத்திரிகையுமாக மாமனாரே இறங்கினார். ஹேமாங்க எஸ்ராஜுக்குப் பின்னால் ஒளியலாமா என்று பார்த்தார். அது ஒல்லி வாத்தியம்.

"மாப்பிள்ளை! இது நீர் பண்ணின வேலையா?"

"ஆமாம் மாமா... வந்து..."

"இத்தனை வருஷமா ஸ்டூடியோக்காரன் எவனுக்கும் என் மூஞ்சி அகப்படல. எவனோ பங்காளி மாதிரிதான் எடுத்துத் தருவான். தினம் சவரம் பண்றப்போ கண்ணாடில நான் பாக்கறேனே, அதே மூஞ்சியய்யா இது! மரு மொதக்கொண்டு அப்படியே இருக்கு. எப்படிப் பிடிச்சீர்?"

உண்மையைச் சொல்ல ஹேமாங்க வாயைத் திறந்தார். சுருசி அவர் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"கைதான் ஏன் இடக்கைன்னு புரியல" என்றார் வக்கீல்.

"பேயோட பந்தியில வலக்கைக்கு என்னப்பா வேலை?" என்றாள் சுருசி.

அவர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "வக்கீல் மகடி நீ! சரி, பசிக்குது. எங்க உக்காரணும்?"

ஆசனம் விரித்தே இருந்தது.

மனசு உறுத்தி, மறுவருஷம் ஹேமாங்க அதே படத்தைச் சரியாகத் திருப்பி அச்சடித்துக் கொடுத்தார். மாமனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "யாருய்யா இவன்?" என்று தள்ளிவிட்டார். அதற்கப்புறம் ஊரார் படத்தையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருப்பிப் போட்ட ஹேமாங்க, அந்த ஒரு முகத்தை மட்டும் கடைசிவரை தெரிந்தே தப்பாக அச்சடித்தார். அந்த ஆசனத்தையும் அதன்பின் சுருசி ஆள் உட்காராமல் மடித்ததே இல்லை.