சேற்றுக்குள் பச்சைச் சட்டை

மாமாவின் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்த விசயம் மூதூரில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் மாமா, மற்றது நான். மாமிக்குக்கூடச் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். மகாவலி ஆறு கடலில் விழும் இடத்தில் மாதம் ஒருமுறை வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டி இறக்கி, எத்தனையாவது முடிச்சில் அது கண்ணுக்கு மறைகிறது என்று கொப்பியில் எழுதவேண்டும். தண்ணீரில் எவ்வளவு சேறு என்று பார்க்கத்தான் இந்தக் கூத்து. பார்வை இல்லாதவருக்குப் பார்க்கிற வேலை. ஆகவே பத்து வயதில் நான் மாமாவின் கண்ணானேன்.

பெரும்பாலும் மூன்றாம் முடிச்சிலேயே தட்டு போய்விடும். கண் சிமிட்டிப் பார்த்தால் இருக்காது. யாரோ கீழிருந்து வாங்கிக்கொண்டதுபோல் இருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் பயம்தான்.

எழுதி முடித்த பிறகும் மாமா கயிற்றை விட்டுக்கொண்டே இருப்பார்.

"இன்னும் பாருங்க மகள். வேற ஒண்டும் தெரியல்லையா?"

சுனாமி கொண்டுபோன அவருடைய மகளின் உடல் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கும் இந்தக் கேள்விக்கும் சம்பந்தம் இருக்கும் என்று நினைக்கவில்லை.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. பசி வேறு. ஏதாவது சொன்னால் தோணியைத் திருப்புவார் என்று நினைத்து, "ஓம் மாமா, பச்சையா என்னவோ தெரியுது, சட்டை மாதிரி" என்றேன். பச்சை ஏன் வாயில் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மாமா உடுத்த சாரத்தோடு தண்ணீருக்குள் குதித்தார். காற்றே இல்லை, ஆனாலும் தோணி மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து மேலே வந்தார். இரண்டு கையிலும் சேறு. அதை என் முகத்துக்கு நேரே நீட்டி, "இதுக்குள்ள இருக்கா? நல்லாப் பாருங்க" என்றார். நான் அழுதேன். அந்த அழுகையையும் அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மாமி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மாமா சொன்னதைக் கேட்டு என்னிடம் வந்தார்.

"என்ன நிறம் எண்டு சொன்னீங்க?"

"பச்சை."

மீன் செதில் ஒட்டிய கையாலேயே என்னைக் கட்டிப்பிடித்தார். "கடல் வாறதுக்கு முதல்நாள் ராத்திரிதான் அவளுக்குப் பச்சைச் சட்டை தைச்சு முடிச்சனான். ஒருத்தருக்கும் காட்டல்லயே."

உண்மையிலேயே கண்டேனோ என்றுகூட நினைத்தேன். ஆனாலும் பெரிய மீன்துண்டை எனக்குத்தான் வைத்தார்கள், வெட்கமில்லாமல் தின்றேன்.

மறுநாள் சுழியோடிகள் வந்து மூழ்கிப் பார்த்தார்கள். சேற்றில் தங்கள் கையே தெரியவில்லை என்று திரும்பிப் போனார்கள். பொய் பிடிபடவில்லை என்று எனக்கு நிம்மதி.

இப்போது மேலே ஆற்றை மறித்துவிட்டதால் சேறு வருசத்துக்கு வருசம் குறைகிறதாம். மாமா கண்ணுக்கு ஒப்பரேசன் செய்துவிட்டார், தானே பார்க்கிறார். "தண்ணி தெளிஞ்சுகொண்டு வருது மகள்" என்று போனில் சொல்லும்போது அவர் குரலில் இருக்கும் சந்தோசத்தை என்னால் தாங்க ஏலாது.

நான் பச்சை என்று சொன்ன கிழமைதான், பல வருச மறுப்புக்குப் பிறகு, இறந்தவர்களுக்காகக் குர்ஆன் ஓதும் கத்தத்தை மகளின் பெயரில் ஓதி அழுது முடிக்க மாமி சம்மதித்திருந்தாராம். "புள்ளைய எடுத்து அடக்கின பிறகு ஓதுவம்" என்று அதை நிறுத்திவிட்டார். கத்தத்துக்குச் சமைக்கவென்று வாங்கிய அரிசி மூட்டை ஏன் திரும்பக் கடைக்குப் போகிறது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அதைச் சைக்கிளில் ஏற்ற நானும் ஒரு கை பிடித்தேன்.