லென்ஸ்காரர் மாற்றிய ஸ்பிரிங்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருஷமாக லென்ஸ் தேய்ப்பவர் என்பதால், தெருவில் எல்லோருக்கும் அவர் லென்ஸ்காரர். மனைவி நர்ஸ், வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கட்டுவாள். வீட்டிலிருக்கும் பழைய மோட்டார் சைக்கிளை அவள் மட்டும்தான் ஓட்டுவாள். லென்ஸ்காரர் நடந்தே கடைக்குப் போவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரும் ஓட்டியவர்தான். மனைவியைப் பின்னால் உட்காரவைத்துப் போன ஒருநாள், குறுக்கே வந்த வேனைப் பார்த்து பிரேக் பிடித்தார். வண்டியின் முன்பக்கம் பொத்தென்று அமுங்கிச் சாய்ந்தது. அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவளுக்குக் காறையெலும்பு முறிந்தது. அன்று சாவியை ஆணியில் மாட்டியவர்தான். வண்டிப் பேச்சை யாராவது எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

இந்த வருஷம் மனைவி வேலை முடிந்து வந்ததும் மணிக்கட்டில் தைலம் தேய்க்க ஆரம்பித்தாள்.

"வேகத்தடையில ஏறி இறங்கினா ஹேண்டில் கையிலயே இடிக்குதுங்க. முன் ஸ்பிரிங் போச்சாம். பத்து நாள் வண்டிய விட்டுட்டுப் போங்கன்னு மெக்கானிக் சொல்றாரு. பத்து நாளைக்கு என் ஆளுங்களுக்கு யாரு கட்டு மாத்துறது?"

லென்ஸ்காரர் அந்த வாரமே கடைத்தெருவில் இரண்டு ஸ்பிரிங்கும் ஒரு டப்பா ஆயிலும் வாங்கிவந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியின் தம்பியையும் வரவழைத்தார்.

வாசலில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டைகளை அடுக்கினார்கள். முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஹேண்டிலைக் கழற்றி ஓரமாகச் சாய்த்ததும், முன்சக்கரத்தின் இருபக்கமும் ஸ்பிரிங்கை உள்ளே வைத்திருக்கும் இரண்டு குழாய்களின் மூடிகளும் தெரிந்தன. வலதுபக்க மூடியை ஸ்பானரால் திருகத் திருக அது இளகிக்கொண்டே வந்தது. கடைசிச் சுற்றில் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது லென்ஸ்காரருக்கு உறைக்கவில்லை. மூடி விருட்டென்று எகிறி, வாசல் கூரைத் தகரத்தில் டங்கென்று மோதி, செடித் தொட்டிக்குள் விழுந்தது.

"ராக்கெட் விட்டாச்சு மாமா!" என்றான் மைத்துனன்.

"சிரிக்காம தேடுடா மாப்ளே."

உள்ளேயிருந்து ஓடிவந்த மனைவி முதலில் அவருடைய கண்ணைப் பார்த்தாள், பிறகு கையை. "முகத்த அந்தப் பக்கம் வச்சுக்கிட்டுத் திருகுங்களேன்" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுகொண்டாள்.

வெளியே எடுத்த ஸ்பிரிங் புதிதைவிடக் கட்டைவிரல் அகலம் குட்டையாக இருந்தது. கறுத்துப்போன ஆயிலை உறிஞ்சி எடுத்துப் புதியதை அளந்து ஊற்றி, புது ஸ்பிரிங்கை இறக்கினார்கள். மூடியை மேலிருந்து அழுத்திக்கொண்டே மரையில் பிடிக்கவைப்பதற்குள் இருவருக்கும் நாக்கு தள்ளிவிட்டது.

இடதுபக்கம் அப்படிப் போகவில்லை. மூடியைக் கழற்றி இழுத்ததும் பாதி ஸ்பிரிங்தான் கையோடு வந்தது. மீதியைக் கம்பியை வளைத்துக் கொக்கிபோட்டு எடுக்க வேண்டியிருந்தது.

"உடைச்சுட்டீங்களா?" என்றாள் மனைவி.

லென்ஸ்காரர் துண்டால் துடைத்து, உடைந்த முனைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று உரசிக் கண்ணாடிபோல வழவழத்திருந்தன. எது எவ்வளவு நாள் தேய்ந்தால் இந்த வழவழப்பு வரும் என்பது அவருடைய விரலுக்குத் தெரியும்.

"இது இன்னைக்கு உடைஞ்சதில்ல. ரொம்ப வருஷமா தேய்ஞ்சிருக்கு" என்றார். "அன்னைக்கு வண்டி குப்புற அமுங்குச்சே... அப்பவே இது உடைஞ்சிருக்கும்."

"அன்னைக்கு முன்னாடியா பின்னாடியான்னு இப்ப எப்படிங்க சொல்ல முடியும்?"

"முடியாதுதான்."

மனைவி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "எலும்பு கூடி நான் முதல்முதலா வண்டிய எடுத்தப்பவே இந்தப் பக்கம் டக்கு டக்குன்னு கேட்டுச்சு. உங்ககிட்ட சொன்னேன். வண்டிப் பேச்சே எடுக்காதேன்னு வெளிய போயிட்டீங்க."

தன்மேல் தப்பில்லை என்று கொஞ்சம் மூச்சுவிட்ட மனுஷன், இந்த ஸ்பிரிங்கை நம்பி இவள் மூன்று வருஷம் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறாளே என்று நினைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நான் காது கொடுத்திருக்கணும்" என்றார்.

"ஆமா, கொடுத்திருக்கணும்" என்றாள் அவள். பிறகு அவருடைய கையிலிருந்த துண்டைப் பிடுங்கினாள். "இது நான் பாத்திரம் துடைக்கிற துண்டு. எழுந்து அடுத்ததைப் போடுங்க, மத்தியானத்துக்கு மூணு வீடு போகணும்."

போட்டு முடித்ததும் அவள் சாவியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. ஆனால் பின்னால் ஏறி உட்கார்ந்தார். காலியாகக் கிடந்த தெருக்கோடியில் அவள் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தினாள். வண்டி மெல்லத் தணிந்து நின்றது. இன்னொரு தரம் பிடிக்கச் சொன்னார். அப்புறம் இன்னொரு தரம்.

இரண்டு மாதம் கழித்து, மனைவிக்கு லீவு கிடைத்த ஒரு காலையில், லென்ஸ்காரர் தானே வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். சைக்கிள்காரர்கள் எல்லோரும் அவரை முந்திக்கொண்டு போனார்கள். நடந்து வருவதைவிடப் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார்.