பரீனா சாச்சிக்கு நான் சொல்லாத முடிவு

செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வந்தது. டீச்சர் வழக்கம்போல வெண்கட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். முதலில் இறந்தவரின் வாப்பாவின் பெயரைச் சொன்னார்கள். பிறகு கணவரின் பெயர். கடைசியில்தான் பரீனா என்ற பெயர். எனக்குப் பக்கத்தில் இருந்தவள், "ஆரு கா இது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கொமினிகேசன் ராத்தா" என்றேன்.

"அல்லாஹ்! படத்துக்கு முடிவு சொல்லப்படாது எண்டு சண்டை பிடிக்கிற ராத்தாவா?"

நான் ஓம் என்றேன். அவர் என் சாச்சி, உம்மாவின் தங்கச்சி என்பதைச் சொல்ல எனக்குத் தெம்பு இருக்கவில்லை. உம்மாவும் வாப்பாவும் விடியச் சுபஹ் தொழுதவுடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். "சோதனை வருது, நீ ஸ்கூலுக்குப் போ" என்று என்னிடம் சொன்னபோதே உம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அறிவித்தலில் சாச்சி ஒருவருடைய மகளாகவும் ஒருவருடைய மனைவியாகவும் இருந்தார். அது சரியானதுதான். ஆனால் கல்முனையிலும் பக்கத்து ஊர்களிலும் அவரை அறிந்த பலருக்கு அவர் வேறொரு ஆள். அந்த ஆளைப்பற்றி எழுதவே இதைத் தொடங்கினேன்.

சாச்சியின் 'கொமினிகேசன்' கடை எங்கள் பாடசாலை ஒழுங்கையின் முகப்பில் இருக்கிறது. போட்டோகொப்பி, தட்டச்சு, விண்ணப்பம் நிரப்புதல் எல்லாம் அங்கே நடக்கும். ஒரு பழைய மெஷின். அது பத்துத் தாளுக்கு ஒரு தாளைக் கறுப்பாக்கித் துப்பும். அந்தப் பழுதுத் தாள்களைச் சாச்சி எறியமாட்டார். வெள்ளையாக இருக்கும் பின்பக்கத்தில் அந்தக் கிழமை பார்த்த படத்தின் பெயரை எழுதி, சுவரில் அடித்திருந்த கிளிப்பில் மாட்டுவார். கொப்பிக்காகக் காத்து நிற்பவர்களில் அந்தப் படத்தைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் தன் அபிப்பிராயத்தை எழுதலாம். மாணவிகள் எழுதினார்கள். மாவடிப்பள்ளியில் வேளாண்மை செய்யும் ஆதம்பாவா காக்கா எழுதினார். பாண்டிருப்பிலிருந்து வினாத்தாள் கொப்பி அடிக்க வரும் சுகந்தி டீச்சர் சிவப்புப் பேனாவால் எழுதினார். கிளிப்புக்கு மேலே தடித்த பேனாவால் சாச்சி ஒரு சட்டம் எழுதி ஒட்டியிருந்தார்: "முடிவைச் சொல்பவர்களுக்குக் கொப்பி இல்லை."

அது பகிடிக்கு எழுதியது என்று நினைத்தவர்கள் உண்டு. ஆதம்பாவா காக்காவும் அப்படித்தான் நினைத்தார். ஒருநாள் ஆறேழு பேர் வரிசையில் நிற்கும்போது, "கடைசியில தம்பிக்காரன்தான் கொலைகாரன், பாத்தயா?" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். சாச்சி மெஷினை நிறுத்தினார். காக்காவின் உர மானிய விண்ணப்பத்தை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"தங்கச்சி, இது இண்டைக்குக் குடுக்கோணும்."

"சந்தியில இன்னொரு கடை இரிக்கி, காக்கா."

"ஒரு படத்துக்காக உரத்தை மறிக்கயா?"

"நீங்க ஆறு பேர்ர படத்தை மறிச்சீங்க."

சந்திக் கடையின் மெஷின் அன்றைக்குப் பழுது. காக்கா அந்த வெயிலில் போய்த் திரும்பி வந்து, தாளில் "இனிச் சொல்லமாட்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்த பிறகுதான் கொப்பி கிடைத்தது. அந்தத் தாள் இன்னும் கிளிப்பில் இருக்கிறது. அவர் எழுதிக் கொடுத்ததை மீறவே இல்லை. இதைப் பின்னால் சொல்கிறேன்.

சாச்சியின் அபிப்பிராயங்கள் எல்லாம் ஒரே அளவுகோலில் பிறந்தவை. படத்தில் யாராவது களைக்கிறார்களா என்று பார்ப்பார். "இந்தப் பெடியன் மூணு ஊரை ஓடிக் கடக்கிறான், ஒருக்காக் குந்தி மூச்சு வாங்கல்ல. இவன் மனுசனா?" என்பார். விவரணப் படங்களை அவர் கூடுதலாக விரும்பினார். "அதில வாற ஆக்கள் உண்மையாக் களைப்பாங்க. எனக்கு அவங்களோடதான் இருக்க ஏலும்."

நான் ஒளி, நிழல், குறியீடு என்று முழுத்தாளையும் நிரப்புவேன். சாச்சி வாசித்துவிட்டு, "புள்ள, நீ படம் பாக்கயா, சோதனைக்குப் படிக்கயா?" என்று கேட்பார். எனக்குக் கோபம் வரும். மறுநாளும் அவரிடம்தான் போவேன். அவர் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை, தர முயலவும் இல்லை. சண்டை பிடிப்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே பெரிய ஆள் அவர்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய கால்கள் வீங்கத் தொடங்கின. சிறுநீரகம் என்றார்கள். கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்தது. ஒரு தரத்துக்கு நாலு மணித்தியாலம். அவருடைய கணவர், என் சாச்சா, ஓட்டோவில் கொண்டுபோய் விடுவார். விடுமுறை நாட்களில் நானும் போவேன். "நாலு மணித்தியாலம் எண்டா ரெண்டு படம்" என்று முதல் நாள் சாச்சி சிரித்தார். பிறகு அவருக்கு ஒரு படம்கூடப் பாரமாகியது. ஒருமுறை ரத்தம் சுத்திகரிக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கடையில நான் மெஷினைப் பாத்துக்கொண்டு இருந்தன். இஞ்ச மெஷின் என்னைப் பாத்துக்கொண்டு இரிக்கி. அதுக்கும் அலுப்பா இருக்கும்."

அந்த நாட்களில்தான் ஆனைக்குட்டிப் படம் வந்தது. எங்கோ வறண்ட நாடொன்றில் தாயை இழந்த ஒரு குட்டியை ஒரு வருடம் பின்தொடர்ந்து எடுத்த விவரணப் படம். வேறொரு கூட்டம் அதைச் சேர்த்துக்கொள்ளுமா, இல்லையா என்பதுதான் கதை. எங்கள் பக்கத்தில் ஆனையைப்பற்றி எல்லாருக்கும் அபிப்பிராயம் இருக்கும். கிளிப்பில் ஆதம்பாவா காக்கா எழுதினார்: "வெளிநாட்டுக்காரனுக்கு ஆனை வடிவுதான். கதிர் முத்தின நேரம் எங்கட வயலுக்கு வந்து பார்க்கச் சொல்லுங்க." அதற்குக் கீழே சுகந்தி டீச்சர்: "குட்டியைப் பார்த்து அழுதேன். எனக்கு வயல் இல்லாததால் அழ முடிந்தது." பிறகு நான், பதினெட்டு வரி. எல்லாவற்றுக்கும் கீழே சாச்சியின் கையெழுத்தில், "முடிஞ்ச பிறகு எழுதுவன்."

அவருக்கு அந்தப் படம் முடியவே இல்லை. ஆஸ்பத்திரியில் நானும் அவரும் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு போனில் பார்த்தோம். குட்டி வரும்போதெல்லாம் முட்டித் தள்ளும் ஒரு பெரிய பெண் ஆனை அதில் இருந்தது. அதன் இடது காது கிழிந்திருந்தது. "இவள் சரியான மாமியார் சாமான்" என்று சாச்சி திட்டிக்கொண்டே பார்த்தார். கூட்டம் குட்டியை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கிய இடத்தில் அவருக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. தாதி ஓடி வந்தார். நான் போனை அணைத்தேன். அதற்குப் பிறகு அவருடைய கண் மங்கியது. திரையைப் பார்த்தால் தலை சுற்றியது. நான் மிச்சத்தை வீட்டில் தனியாகப் பார்த்தேன்.

பிறகு அவரை வார்டில் சேர்த்தார்கள். கடைசிச் சனிக்கிழமை, பகல் பார்வை நேரத்தில் போனேன். வார்டில் நல்ல வெக்கை. சாச்சி கண்ணை மூடியபடி, "புள்ள, அந்தக் குட்டி கூட்டத்தோட சேந்துதா?" என்று கேட்டார்.

"சட்டம் சட்டம்தான் சாச்சி. வந்து பாருங்க."

"நான் போட்ட சட்டத்தில நானே மாட்டுப்பட்டன்." உதடு மட்டும் சிரித்தது. "சொல்லு. ஆருக்கும் சொல்லமாட்டன்."

"ஏலாது. கொப்பி குடுக்கமாட்டீங்க."

எனக்கு அது விளையாட்டாக இருக்கவில்லை. முடிவைச் சொன்னால், அவர் இனி அதைப் பார்க்கமாட்டார் என்று நானும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். சொல்லாமல் வைத்திருந்தால் அவர் வீட்டுக்கு வரவேண்டியிருக்கும். அப்படி ஒரு கணக்கு எனக்குள் இருந்தது. மணி அடித்தது. நான் வாசலுக்குப் போனபோது, "குட்டிக்கு ஒண்டும் ஆகல்ல தானே?" என்று அவர் கேட்டது காதில் விழுந்தது. நான் திரும்பி, விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். மங்கிய கண்ணுக்கு அது தெரிந்திருக்குமா என்று அப்போது யோசிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவரை வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். கடைசியாக முகம் பார்க்கக் கூப்பிட்டார்கள். நான் குனிந்தேன். சுற்றியிருந்த பெண்கள் குர்ஆனிலிருந்து யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஓசைக்கு நடுவில் ஒரு ஆனையைப்பற்றி எப்படிக் கதைப்பது? நிமிர்ந்து விலகி நின்றேன். ஆண்கள் அவரை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் கதவுவரைதான்.

அதன்பிறகு வந்த நாட்களில் கோப்பை கழுவியது மட்டுமே எனக்கு ஞாபகம். வருகிறவர்கள் எல்லாரும், "என்ன வருத்தம்? எவ்வளவு காலம் நோயில இருந்தா?" என்று கேட்டார்கள். உம்மா ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னார். நாலாம் நாள் உம்மா சொல்லத் தொடங்கி, நடுவில் நிறுத்தி, என்னைப் பார்த்தார். மிச்சத்தை நான் சொன்னேன்.

எட்டாம் நாள் சாச்சா கடையைத் திறந்தார். அடித்து வைத்த கொப்பிகள் கிடந்தன, பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். நானும் போனேன். ஆதம்பாவா காக்கா வந்தார். கையில் ஒரு விண்ணப்பம். அதை அவர் நீட்டவில்லை. கிளிப்பில் இருந்த ஆனைத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மகள், சாச்சிக்கு இந்தப் படத்தின்ட முடிவை நீ சொன்னயா?"

"இல்ல காக்கா."

"அல்லாஹ்வே." அவர் வாங்குப் பலகையில் குந்தினார். "ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போனில கோல் எடுத்தா. 'காக்கா, அந்தக் குட்டி என்ன ஆச்சி?' எண்டு கேட்டா. நான் என்ன சொன்னன் தெரியுமா? 'நான் எழுதித் தந்திருக்கன் தங்கச்சி, எனக்குக் கொப்பி வேணும்' எண்டு சொன்னன். அவ சிரிச்சா. நானும் சிரிச்சன்." மறுபடியும் ஆனைத் தாளைப் பார்த்தார். "நீ சொல்லியிருப்பாய் எண்டு நினைச்சன் மகள்."

"நானும் வேற ஆரும் சொல்லியிருப்பாங்க எண்டுதான் நினைச்சன்" என்றேன்.

சாச்சா காக்காவின் கையிலிருந்த தாளை வாங்கிக் கொப்பி அடித்தார். கறுப்பாக ஒன்று வந்தது. அதை எறியப்போய், நிறுத்தி, என்னிடம் தந்தார். அதன் பின்பக்கத்தில்தான் இதை எழுதத் தொடங்கினேன். இடம் போதவில்லை, இது ஏழாவது தாள்.

உங்கள் சட்டத்தை இப்போது மீறுகிறேன், சாச்சி. படத்தைப் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும்.

கூட்டம் போய்விட்டது. அதுவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். குட்டி கொஞ்சத் தூரம் பின்னால் ஓடியது. பிறகு நடந்தது. பிறகு வற்றிய ஆற்றின் நடுவில் முன்கால்களை மடித்துப் படுத்துவிட்டது. நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. படம் எடுத்தவர்கள் இசைகூடப் போடவில்லை. அதன் விலா ஏறி இறங்குவதை மட்டும் காட்டினார்கள். உங்களுக்குப் பிடித்திருக்கும்.

பிறகு தூரத்தில் தூசு எழும்பியது. ஒரு ஆனை மட்டும் திரும்பி வந்தது. காது கிழிந்ததே, நீங்கள் திட்டித் தீர்த்த அதே ஆனை. அது குட்டியைத் தொடவில்லை. எழுப்பவும் இல்லை. வெயில் வந்த பக்கத்தில் போய் நின்றது. அதன் நிழல் குட்டியின் மேல் விழுந்தது. வெயில் நகர நகர அதுவும் ஒவ்வோர் அடியாக நகர்ந்தது. குட்டி களை ஆறி எழும்பும்வரை அப்படியே நின்றது. எழும்பியதும் அது முன்னால் நடந்தது, குட்டி பின்னால் நடந்தது.

ஓம் சாச்சி, சேர்ந்தது. குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் களை ஆறுங்கள்.