குண்டு பெஸ்ட்டு

தெலுங்கில் குண்டு என்றால் மொட்டை. குண்டெ என்றால் இதயம். இந்த வித்தியாசம் எங்கள் சித்திக்குத் தெரிந்திருந்தால் எட்டு வயதில் எனக்கு அப்படியொரு கொண்டாட்டம் வாய்த்திருக்காது. சித்தப்பாவின் உயிரும் ஊசலாடியிருக்காது.

தெலுங்கு ஊரான மௌலா அலியில் அப்பாவின் ரயில்வே குவார்ட்டர்ஸில் இரண்டு குடும்பமும் ஒன்றாக இருந்தோம். கல்யாணமாகி திருநெல்வேலியிலிருந்து வந்த சித்தி, காய்கறி வண்டிக்காரர்களிடம் பேரம் பேசியே தெலுங்கு கற்றவள். வீட்டில் அவள்தான் தெலுங்குப் பண்டிதை. சனத்நகர் பட்டறையில் வேலை பார்த்த சித்தப்பாவுக்கு சோரியாசிஸ். முழங்கை, முதுகு, தலை என்று திட்டுத் திட்டாகச் சிவந்து செதில் உதிரும். தொற்றாது என்று எத்தனை தடவை சொன்னாலும் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே வரும். அரிப்பில் ராத்திரித் தூக்கம் கிடையாது. பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் செருகிவிடும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். தூங்காத அசதி என்று அதையும் விட்டுவிட்டோம்.

தோல் டாக்டரம்மாவிடம் போனபோதும் மனிதர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாராம். இந்த நோய் தோலோடு நிற்காது, தூக்கமும் கெட்டால் இன்னும் ஆபத்து என்று விளக்கிவிட்டு, "குண்டெ டெஸ்டு சேயிஞ்சண்டி" என்றிருக்கிறார் அவர். சித்தி எல்லாவற்றுக்கும் "சரே, சரே" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அறிவித்தாள்.

"குண்டு பெஸ்ட்டாம்! மொட்டை அடிச்சா எல்லாம் சரியாப் போவுமாம்!"

வீடே அமளிதுமளிப்பட்டது. சித்தப்பா மட்டும் கண்ணாடி முன்னால் போய் நின்றார். தலையில் இருக்கும் திட்டெல்லாம் ஊருக்கே தெரிந்துவிடுமே என்று கூச்சம். எனக்குப் பொறுக்கவில்லை.

"நானும் அடிச்சுக்கிடுதேன் சித்தப்பா! ரெண்டு பேரும் ஜோடி!"

"பொம்பளப் பிள்ளைக்கு மொட்டையா!" என்று அம்மா அலறினாள். சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்து ஜெயித்தேன்.

ஆகா, அந்த ஞாயிற்றுக்கிழமை! சலூனில் சித்தப்பா, "கத்தி நக்கோ பாய், மிஷின் போதும்" என்றார். கழுத்தில் மிஷின் கூசியதில் நான் சிரிக்க, என்னைப் பார்த்து அவரும் சிரித்தார். வரும் வழியில் ஒரே மாதிரி இரண்டு சிவப்புத் தொப்பி வாங்கினார். காலனிப் பிள்ளைகள் "குண்டு! குண்டு!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். நான் ராணி மாதிரி நடந்தேன். இதில் வேடிக்கை, முடி போனதில் தலையில் களிம்பு நன்றாகப் பிடித்து, சித்தப்பா கொஞ்சம் தூங்கவும் ஆரம்பித்தார். சித்தியைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அடுத்த மாதம் நானும் ஆஸ்பத்திரிக்கு ஒட்டிக்கொண்டேன். டாக்டரம்மா கையை நீட்டினார்.

"குண்டெ ரிப்போர்ட்டு ஏதி?"

"இதிகோ!" என்று சித்தி பெருமையாக சித்தப்பாவின் தொப்பியை உருவினாள். நான் சும்மா இருப்பேனா? என் தொப்பியையும் கழற்றித் தலையை நீட்டினேன்.

டாக்டரம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூச்சு திரும்பியதும் தன் நெஞ்சில் கைவைத்து, "குண்டு காதம்மா, குண்டெ! ஹார்ட்டு!" என்றார். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்தோம். சித்தப்பா சிரித்த சிரிப்பில் மூச்சு முட்டி, நெஞ்சைத் தேய்த்துக்கொண்டார். டாக்டரம்மாவின் சிரிப்பு சட்டென்று நின்றது.

அங்கேயே இசிஜி எடுத்தார்கள். அப்புறம் எல்லாம் ஒரே வேகம்தான். ஆம்புலன்ஸ்! பெரிய ஆஸ்பத்திரி! சக்கர நாற்காலி! உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது சித்தப்பா தன் தொப்பியை எடுத்து, என் தொப்பிக்கு மேலேயே வைத்தார்.

"வச்சுக்கோ. வந்து வாங்கிக்கிடுதேன்."

இரட்டைத் தொப்பியோடு வராந்தா முழுக்க ஓடினேன். சித்தி சுவரோரம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. ரத்தக் குழாயில் அடைப்பாம்; நல்லவேளை, இப்போதாவது வந்தீர்கள் என்றார்கள்.

சித்தப்பா வந்து தொப்பியை வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எந்த டாக்டரிடம் போனாலும், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படிக்கிற என்னையும் லீவு போடவைத்துக் கூட்டிப் போவாள் சித்தி. பண்டிதை ஒரு வார்த்தை தெலுங்கு பேசமாட்டாள். டாக்டர் வாயைத் திறந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அவுக என்ன சொல்லுதாவ, நீயே கேட்டுச் சொல்லுட்டி" என்பாள். சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்வாள்; இன்னொரு தடவையும் கேட்பாள். அவள் கை ஜில்லென்று இருக்கும். என் தெலுங்கு கேட்க அவ்வளவு இனிமையாக இருக்கிறது போல என்று நினைத்து, நான் இன்னும் ராகம் போட்டுச் சொல்வேன்.