மூன்றாம் வரி இழுவை

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மில்லில் சூப்பர்வைசராக இருக்கும் பெலிக்ஸுக்கு இரண்டே விஷயத்தில்தான் சுர்ரென்று கோபம் வரும். ஒன்று, தறி நின்றால். இன்னொன்று, கோயிலில் அவர் எடுத்துக் கொடுக்கும் லத்தீன் பாட்டை யாராவது குறை சொன்னால். பூசைக்குப் பின் ஊரே முழங்காலில் நிற்கும் நற்கருணை ஆசீரின்போது அந்தப் பாட்டின் மூன்றாம் வரியை இழுப்பார் பாருங்கள், அப்படி ஒரு இழுவை! முடிவில் ஒரு நெளிப்பு வேறு. வருஷக்கணக்காக ஊரும் கூடச் சேர்ந்து இழுத்தது.

புதிதாக வந்த விமல் சாமியாருக்குச் சங்கீதம் தெரியும். வந்தது வினை. "ரோமாபுரியில இந்த வரி நேரா போகுது பெலிக்ஸ். நம்மகிட்ட மட்டும் ஏன் இவ்வளவு நீளம்? இந்த மெட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு விசாரிச்சுச் சொல்லுங்க. பிழைன்னா திருவிழாவுக்கு முன்னாடி திருத்திருவோம்."

பெலிக்ஸுக்கு அந்த வரி போனால் எல்லாம் போச்சு. வீட்டில் அவர் பேச்சு எடுபடாது, மில்லிலும் எடுபடாது. அவர் மூச்சுக்காக ஊரே காத்திருப்பது அந்த ஒரு வரியில்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பறந்தார். அங்கே பாட்டு எடுத்துக் கொடுக்கும் ஞானதுரையும் இதேபோல்தான் இழுப்பார்.

"அண்ணாச்சி, எங்க மெட்டு உங்ககிட்ட இருந்து வந்ததுதான? உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"ஏலே, வெளையாடுதியா? நாங்கல்லா ராஜபாளையத்துல இருந்து எடுத்தோம்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞானதுரைதான் முதலில் சிரித்தார். பெலிக்ஸாலும் அடக்க முடியவில்லை. இத்தனை காலமும் இரண்டு ஊரும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டே பாடியிருக்கின்றன! சிரித்து ஓய்ந்த பிறகு ஞானதுரைக்குப் பொறி தட்டியது. அந்தக் காலத்தில் இரண்டு ஊர்ச் சப்பரத்துக்கும் ஒரே பேண்டு செட்டுதான் வாசித்தது. அதில் கிளாரினெட் வாசித்த பக்கீர் முகமது பின்தெருவில்தான் இருந்தார்.

பாட்டின் பேச்சை எடுத்ததுமே பக்கீர் பாய் கிளாரினெட்டை எடுத்துவிட்டார். "பழைய சாமியார் பாடுனதக் கேட்டு நானே புடிச்சதுல்லா! என் ஊதலக் கேட்டுத்தான் ரெண்டு ஊரும் பாடிப் பழகுச்சு." வாசித்தார். மூன்றாம் வரியில் இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் பாய் இம்புட்டு இழுக்கிய?" என்றார் ஞானதுரை.

"வேறென்ன செய்ய? சப்பரம் தெருமுக்குக்கு வந்தா மூணாவது வரியைப் புடிச்சுக்கிருவேன். நான் நிப்பாட்டுனா தூக்குறவனுக்குக் காலு தப்பிரும். திரும்பி முடிக்கிற மட்டும் ஊதணும். கடைசில மூச்சு முட்டும், அதான் அந்த நெளிப்பு."

பெலிக்ஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அடக் கடவுளே! ஊர் மொத்தமும் கோயிலுக்குள் முழங்காலில் நின்றபடியே வருஷக்கணக்காகத் தெருமுக்குத் திரும்பியிருக்கிறது! வீடு திரும்பும் வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

சாமியார் வீட்டு வாசலில் அந்தச் சிரிப்பு நின்றது. அப்படியானால் பிழைதானே? பொய் சொல்ல நாக்கு எழவில்லை, உள்ளதைச் சொன்னார். சாமியாரும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, "அப்ப நேராவே பாடுவோம் பெலிக்ஸ். கோயிலுக்குள்ள ஏது முக்கு?" என்றார். பெலிக்ஸுக்கு முகம் செத்துவிட்டது.

திருவிழாவன்று சப்பரத்தோடு பெலிக்ஸ் ஒரு மைக்கிலும் சாமியார் ஒரு மைக்கிலும் அதே பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள், நேராகத்தான். முக்கில் திரும்பும்போது சப்பரத்தின் உச்சி கேபிள் வயரில் மாட்டிக்கொண்டது. பாட்டு மூன்றாம் வரியில் இருந்தது. நிறுத்தினால் தூக்குகிறவர்கள் தடுமாறுவார்கள். சாமியார் பதறிப்போய் பெலிக்ஸைப் பார்த்தார். நேராகப் பாடச் சொன்னவர் அவர்தானே? பெலிக்ஸ் வாயை இறுக மூடிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் சாமியார் இழுத்தார். யாரோ கம்பால் வயரைத் தூக்க, சப்பரம் அங்குலம் அங்குலமாகத் திரும்ப, முகம் சிவக்கச் சிவக்க இழுத்தார். கடைசியில் மூச்சு முட்டியது. ஊரே கேட்க, மைக்கில், அந்த நெளிப்பு கச்சிதமாக விழுந்தது.

"பெலிக்ஸ்," என்றார் சாமியார் மேல்மூச்சு வாங்கியபடி, "நாளையிலேருந்து கோயிலுக்குள்ளயும் திரும்பிருவோம்."