சின்னக்குளத்துக் கரையும் பெர்சிஸ் சிஸ்டரும்

5-5-1996: கிணற்றில் தண்ணீர் 43 அடியில். குடம் ஒரு ரூபாய்.
5-1-1997: 16 அடியில். குடம் வாங்கவில்லை.
21-10-2001: குளக்கரைக்கு மண், 14 டிராக்டர். கூலி 700 ரூபாய். மண் இலவசம்.
6-1-2002: 14 அடியில். குடம் இரண்டு ரூபாய்.

என் நோட்டுக் கணக்கின் கடைசி வரியில் பிழையில்லை. கிணறு நிறைந்திருந்தபோதுதான் ஆம்பூரில் எங்கள் தெரு மறுபடியும் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு ஓடியது.

பெர்சிஸ் திமிரி ஊருக்குப் பக்கத்து விவசாயியின் மகள். எங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் செவிலியர். கணவர் இறந்தபின் தனியாக வசித்தார். 1996 கோடையில் வயிற்றுப்போக்கு என்று அவர் பதிவேட்டில் ஏறிய குழந்தைகள் அறுபத்தொன்று. லாரித் தண்ணீரை நம்பிப் பயனில்லை என்று, குப்பை மேடாகிக் கிடந்த சின்னக்குளத்தைத் தூர்வார நாற்பது வீட்டாரை இறக்கினார். ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. மழைக்குக் குளம் நிறைந்தது, கிணறுகள் ஊறின, தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்பது நின்றது. மறுவருடம் பதிவேட்டில் பத்தொன்பது குழந்தைகள். ஷூ கம்பெனி விட்டு வருகிறவர்கள் கரையில் காற்று வாங்கிவிட்டே வீட்டுக்குப் போனார்கள்.

2001 அக்டோபர் மழையில் கரை பன்னிரண்டு அடி உடைந்தது. நகராட்சியில் பணமில்லை என்றார்கள். பக்கத்தில் ஒரு பழைய பச்சைத்தோல் மண்டியை இடித்துக்கொண்டிருந்தார்கள். முற்றத்து மண்ணைச் சும்மா எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பெர்சிஸ் கையெழுத்துப் போட்டு வாங்கினார். தோல் கெடாமலிருக்கப் பூசிய உப்பை நாற்பது ஆண்டுகளாக உதறிய தரை அது. வெளியூர்க்காரர் யாராவது நின்றிருந்தால் மூக்கைப் பொத்தியிருப்பார்.

ஜனவரியில் எதிர்வீட்டு முனவ்வர் பேகம் ஒரு டம்ளர் கிணற்றுத் தண்ணீரோடு வந்தார்.

"சிஸ்டர், டீல உப்பப் போட்டுட்டேன்னு எங்க வீட்டுக்காரர் ஒரே பேஜார் பண்றாரு. குடிச்சிப் பாருங்க."

பெர்சிஸ் குடித்தார். எழுந்து கரைக்குப் போய் ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தார்.

"பதினாலு டிராக்டர் மண்ணு, அக்கா. ஒருத்தருக்குமா வாடை தெரியல?"

"நம்ம ஊர்ல எது வாடை, எது காத்துன்னு யாருக்குத் தெரியும்?"

கரை மண்ணின் உப்பு மழையில் குளத்துக்கும் அதிலிருந்து கிணறுகளுக்கும் இறங்கியிருந்தது; பரிசோதனையில் குளத்தில் லிட்டருக்கு 6,400 மில்லிகிராம் உப்பு. கெட்ட குளத்தை மூடிக் கடைகள் கட்டலாம் என்று நகராட்சியில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பருக்குள் உப்பு 2,000க்குக் கீழே வந்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள்.

தினமும் வேலை முடிந்து மூன்று மணிக்கு பெர்சிஸ் மண்வெட்டியோடு இறங்கினார். முனவ்வர் பேகமும் நான்கு பெண்களும் கூடை சுமந்தார்கள். ஜூனில் அந்த மண் முழுதும் போய், நல்ல மண் வந்தது. உப்பு 3,900. ஒரு நல்ல மழை வந்து மதகு வழியாகக் குளத்தை அலசிவிட்டால் போதும். அந்த ஆண்டு மழை பெய்யவில்லை.

தெருவில் பெர்சிஸ் மட்டும் குடம் வாங்கவில்லை. அந்த உப்புத் தண்ணீரையே குடித்தார். ரத்த அழுத்தம் 180 ஆனது. முனவ்வர் பேகம் வாசலில் வைத்துவிட்டுப் போன குடத்தை நிறைகுடமாகவே திருப்பிக் கொடுத்தார்.

"இன்னா சிஸ்டர், ஊருக்கெல்லாம் மாத்திர குடுக்கறீங்க, உங்களுக்குப் புத்தி வேணாவா?"

"எல்லாரையும் குடிக்க வச்சது நான்தானேக்கா."

டிசம்பரில் இன்னும் ஓராண்டு அவகாசம் கேட்டு மனு எழுதினார். துணைக்கு நானும் நகராட்சிக்குப் போனேன்.

"மழை எப்ப வரும்னு எழுதிக் குடுப்பீங்களா சிஸ்டர்?" என்றார் எழுத்தர்.

"நான் எழுதிக் குடுத்தா வந்துருமா சார்?"

"அப்ப நாங்க மட்டும் எத வச்சி அவகாசம் குடுக்கறது?"

பெர்சிஸ் மனுவை மேசையில் வைத்து, கையை அதன்மேலிருந்து எடுக்கவே இல்லை. எழுத்தர்தான் மெல்ல இழுத்துக்கொண்டார்.

அதன்பின் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நின்றார். ஐம்பத்தாறு நாட்கள். அவகாசம் இல்லை, குளம் மூடப்படும் என்ற கடிதம் 2003 பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை வந்தது.